ஏகாம்பரம் கேட்ட ஒரு நாள் லீவு

போன மாதம் துறைமுகத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். தொழிலாளர் நலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். ‘வருஷம் முழுவதும் வேலை, குடும்பம், உடல்நலம் மூன்றையும் சீராக வைத்துக்கொள்வது எப்படி’ என்று ஒரு கூட்டம் நடத்தப் போகிறாராம். நிறைய சர்வீஸ் போட்டு ரிடையர் ஆனவன் என்பதால் நான் வந்து பேச வேண்டுமாம். அவர் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் உள்ளே என் மனைவி சரோஜாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தவள், “சார், தலைப்பு ஷோக்கா கீது. ஆளுதான் தப்பு” என்றாள்.

அதற்குமேல் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். எழுதினால் ஒரு சௌகரியம், நடுவில் சரோஜா குறுக்கே பேச முடியாது.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நீராவி கிரேனில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கரி, ஒரு வருஷம் எண்ணெயும் துடைக்கிற துணியும், பிறகு பரீட்சை, கடைசியில் கிரேன் ஓட்ட அனுமதிக்கும் டிரைவர் பாஸ். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். சரோஜாவை வேலூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் கிரேனோடு தங்கினேன். வாரம் தவறாமல் கடிதம் போட்டேன். “நீ என்கூட நல்லா பேசினது அந்த நாலு மாசந்தான்” என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

யுத்தம் முடிந்த சமயத்தில் சங்கிலிக்கும் உருளைக்கும் நடுவே என் இடது கை மாட்டிக்கொண்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காமல் நின்றுவிட்டன. எழுதும் கை தப்பித்தது. கையெழுத்தும் பார்க்கும்படி இருக்கும் என்பதால் கிரேன் ஆபீசில் டூட்டி ரைட்டராக உட்கார வைத்தார்கள். எந்த டிரைவர் எந்த நாள், எந்த ஷிஃப்டில், எந்த கிரேன் என்று அட்டவணை எழுதிப் பலகையில் ஒட்டுவதுதான் வேலை. எங்கள் பாஷையில் அதற்கு ‘சார்ட்’.

கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. ஜனவரி முதல் வாரத்தில் டிரைவர்கள் எல்லோரும் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். அவரவர் பண்டிகைக்கு அடுத்த மதத்துக்காரர் டூட்டி பார்ப்பார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத எங்கள் சட்டம். கிறிஸ்துமஸுக்கு இந்துவும் முஸ்லிமும், ரம்ஜானுக்கு மற்ற இருவரும், தீபாவளிக்கு அந்தோணியும் தாவூது பாயும்.

சட்டம் இருந்தால் ஓட்டையும் இருக்கும். தாவூது பாய் தன் பண்டிகைகள் போக மாட்டுப் பொங்கலையும் கேட்பார். “எதிர் வூட்டு ஆனந்தன் என் தோஸ்து, ரைட்டரே. நான் போய் நிக்கலன்னா அவன் மாடு பொங்கல் துன்னாது” என்பார். ராயபுரம் அந்தோணிக்கு ஈஸ்டரும் வேண்டும், திருவொற்றியூர் மாசித் தேரும் வேண்டும், ஏனென்றால் அவன் மாமனார் வீடு தேரடியில் இருந்தது. சின்னவன் கோபால் தன் மனைவி வீட்டுச் சீமந்தம், காதுகுத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைப்பான். பிறக்காத பிள்ளைக்குக்கூட என்னிடம் லீவு எழுதியிருக்கிறான். எல்லோருக்கும் நான் ஏதாவது ஒரு வழி பண்ணிக் கொடுத்தேன். நல்ல மனுஷன் என்று பெயரும் வாங்கினேன்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஏகாம்பரம் என்று ஒரு மனிதர் இருந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராயபுரத்தில் ஒரு ரூம், மெஸ்ஸில் சாப்பாடு, கிரேனில் வேலை, இவ்வளவுதான். சார்ட்டில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அவரைப் போட்டு அடைத்துவிடுவேன். மற்ற எல்லோர் பெயரையும் பென்சிலில் எழுதுவேன், மாற்ற வேண்டி வரும் என்று. பண்டிகை நாட்களில் அவர் பெயரை மட்டும் மையில் எழுதுவேன். ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. அவரும் பலகையைப் பார்த்துவிட்டு, “சர்தான்” என்று போய்விடுவார்.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். பண்டிகையன்று ரைட்டர் ஆபீசில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யாராவது வராமல் போனால் ஆள் மாற்ற நான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான் ஒரு நாள் போகாவிட்டால் துறைமுகமே கடலுக்குள் போய்விடும் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம். யுத்தக் காலத்தையும் சேர்த்து, கல்யாணமாகிப் பத்துத் தீபாவளி வந்துபோனது. ஒன்றுக்கும் நான் வீட்டில் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கே பச்சைத் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அடுத்தவர்கள் சாப்பாட்டு நேரத்தை எழுதி எழுதி என் சாப்பாட்டு நேரத்தை மறந்தேன். டீயும் பொறை பிஸ்கட்டும்தான் பாதி நாள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மேஜை மேலேயே சுருண்டு விழுந்தேன். ஆஸ்பத்திரியில் வயிற்றில் புண் என்றார்கள். பன்னிரண்டு நாள் பாலும் கஞ்சியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சரோஜா அழவுமில்லை, திட்டவுமில்லை.

“ரைட்டரே, ஊருக்கெல்லாம் நாள் குடுக்கிற. எனக்கு ஒரே ஒரு நாள் எழுதிக் குடு. வர்ற தீவாளிக்கு உன் தலைக்கு நான் எண்ண வெக்கணும்” என்றாள்.

கோபமாக இருந்தால்தான் அவள் என்னை ரைட்டரே என்று கூப்பிடுவாள். சத்தியமாக வீட்டில் இருப்பேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த வருஷத்துச் சார்ட்டில் தீபாவளிக்கு எதிரே முதல் முறையாக என் பெயரை லீவில் எழுதினேன். ஏகாம்பரம் பெயரை வழக்கம்போல மையில் எழுதினேன்.

ஐப்பசி வந்தது. சரோஜா எனக்குக் கரை போட்ட வேட்டி எடுத்துவைத்தாள். எங்கள் திருவொற்றியூர் வீடு ஒரே வாசலுக்குள் நாலு குடித்தனம் உள்ள இடம். நைனா தீபாவளிக்கு வீட்டில் இருக்கப்போகிறார் என்று என் மகள் வசந்தா நாலு குடித்தனத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏகாம்பரம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“ரைட்டரே, தீவாளிக்கு எனக்கு லீவு வோணும்.”

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லீவு ஃபாரத்தை எடுத்தேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், ஃபாரம் நான்தான் நிரப்ப வேண்டும்.

“காரணம் இன்னான்னு எழுதட்டும்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னு எழுத முடியாதுப்பா. வயித்து வலின்னு போடட்டுமா?”

“உனக்குத்தான் வயித்து வலி. நான் நல்லாத்தான் கீறேன்.”

“சித்தப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு?”

“அவரு செத்து எட்டு வருசம் ஆவுது. எதுக்கு இப்ப அவர இஸ்துகினு வர்ற? பொய்யி வாணாம், ரைட்டரே. தீவாளின்னு எல்லாரும் லீவு எடுக்கிறாங்களே, அது இன்னான்னு ஒரு தபா பாக்கணும். அவ்ளோதான்.”

அதைக் காரணப் பத்தியில் எப்படி எழுதுவது? அந்தப் பத்தியைக் காலியாக விட்டு ஃபாரத்தை போர்மனிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் போர்மன் பெரேரா, ராயபுரத்துச் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். தொப்பி, காக்கி அரை நிக்கர், முழங்கால் வரை சாக்ஸ். வாயைத் திறந்தால் இங்கிலீஷும் மெட்ராஸ் தமிழும் ஒன்றாக வரும். அவர் யாருக்கும் நேரடியாக ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஃபாரத்தை ஒரு தடவை படிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முதலில் வலது கண்ணாடி, பிறகு இடது, பிறகு காதில் மாட்டும் கம்பி என்று நிதானமாகத் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் ஆள் மாற்ற நாம் ஒரு வழி சொல்லிவிட வேண்டும். சொன்னால் கையெழுத்து விழும். சொல்லாவிட்டால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவார், ஃபாரம் நம் கையில்தான் இருக்கும்.

அன்றைக்கு முதலில் காலியாக இருந்த பத்தியை விரலால் தட்டினார்.

“இன்னா மேன், ரீசன் எங்க?”

“ஒண்ணுமில்லன்றாரு சார். தீவாளி பாக்கணுமாம்.”

பெரேரா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இத்தினி வருசத்தில இவன் ஒருத்தன்தான் மேன் உண்மைய சொல்லிக்கீறான்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் வலது கண்ணாடியைத் துடைக்கும்போது நான் கணக்குப் போட்டேன். ரேஷன் கோதுமைக் கப்பல் ஒன்று அந்த வாரம் வருகிறது. பண்டிகை என்று அதை நிறுத்த முடியாது. அந்தோணி டைபாய்டில் படுத்திருக்கிறான். தாவூது பாய்க்குப் பழவேற்காட்டில் மகள் நிக்கா. கோபாலுக்கு மாமியார் வீட்டுத் தீபாவளி. சாயங்கால, ராத்திரி ஷிஃப்டுக்குப் போட்டவர்கள் போக, மற்றவர்கள் ஜனவரியிலேயே ஊருக்கு எழுதி வாங்கியவர்கள். இடது கண்ணாடிக்கு வந்தார். டிரைவர் பாஸ் உள்ள ஒரே ஒரு ஆள் மிச்சம். அந்த பாஸ் என் மேஜை டிராயரில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சரோஜாவின் முகம்தான் தெரிந்தது.

அவர் கம்பியையும் துடைத்து முடித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

“ஆள் இல்ல சார்” என்றேன்.

“ஆமா மேன். ஆள் இல்ல” என்று சொல்லிவிட்டு என் இடது கையை ஒரு தடவை பார்த்தார். 

வெளியே ஏகாம்பரம் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “சர்தான்” என்று சொல்லிவிட்டு கிரேனுக்குப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. நான் எல்லோருக்கும் தாராளமாகக் கொடுத்ததெல்லாம் அந்த ஒரு மனிதரின் நாட்கள். அவர் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேட்டபோது என் பாஸை டிராயரில் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. சரோஜா வயிற்று வலியோ என்று பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னேன், டிராயரில் இருந்த பாஸ் உட்பட. அவள் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய் உள்ளே பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினாள். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

“அவரு லீவு எட்த்துகினு எங்க போவாரு?”

“ரூம்லதான் இருப்பாரு.”

“தீவாளி அன்னிக்கி மெஸ்ஸு ஏது? நாஸ்டாகூடக் கெடைக்காது. ரூம்ல குந்திகினு செவுத்தப் பாக்கிறதா தீவாளி?”

நான் தட்டில் இருந்த சோற்றைக் கிளறினேன்.

“இங்க வரச் சொல்லு. நீ எப்படியும் இருக்கப்போறதில்ல. ஒரு எலை மிச்சந்தான், அதுல அவரு துன்னட்டும்” என்றாள். பிறகு, “ஆனா சொல்ட்டேன் ரைட்டரே, எனக்குக் குட்த்த நாளுக்கு வட்டியோட வாங்குவேன்” என்று ஒரு விரலை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. அவள் அப்படிச் சொன்னதற்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பாஸை எடுத்துக்கொண்டு பெரேராவிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நேத்து இது எங்க இருந்திச்சு மேன்?”

“டிராயர்ல சார்.”

“எனக்குத் தெரியும்” என்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைத் தொடவே இல்லை.

தீபாவளி அன்று காலை ஐந்து மணிக்கு கிரேனில் ஏறினேன். ஃபயர்மேன் முன்னதாகவே நெருப்புப் போட்டு நீராவி ஏற்றி வைத்திருந்தான். பல வருஷம் கழித்து ஏறுவதால் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். கொதிகலனின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் நிற்கிறதா, நீராவி அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில் இருக்கிறதா, எண்ணெய்க் கிண்ணங்கள் நிறைந்திருக்கின்றனவா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தேன். வெறும் கொக்கியை மூன்று முறை தூக்கி மூன்று முறை இறக்கினேன். இடது கையின் இரண்டு விரல் ஒத்துழைக்காததால் லீவரை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கப் பழக வேண்டியிருந்தது.

கீழே பார்த்தால் பெரேரா தொப்பியோடு நிற்கிறார். அன்றைக்கு அவர் வர வேண்டிய அவசியமே இல்லை.

“சார், நீங்க வூட்டுக்குப் போங்க” என்று கத்தினேன்.

“உன்மேல நம்பிக்கை கீது மேன். உன் வெரல் மேலதான் இல்ல” என்று பதிலுக்குக் கத்திவிட்டு அங்கேயே நின்றார்.

கப்பலின் சரக்கறை வாய்க்கு அருகே நின்றவன் கையை உயர்த்தி “ஹாபேஸ்!” என்றால் தூக்க வேண்டும், தாழ்த்தி “ஆரியா!” என்றால் இறக்க வேண்டும். மூட்டைகள் தொங்கும்போது மனசு வேறெங்கும் போகக்கூடாது. என் மனசு போனது. ராயபுரம் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம், இப்போது வசந்தா குளித்திருப்பாள், இப்போது மூன்று வயதுப் பையன் பாபு சத்தத்துக்கு அழுவான், இப்போது சரோஜா இட்லியும் கறிக்குழம்பும் இறக்கியிருப்பாள் என்று ஓடியது. ஒரு கட்டு மூட்டை கரையில் கொஞ்சம் தடாலென்று இறங்கிவிட்டது. கீழே யாரும் இல்லை. பெரேரா மேலே ஏறி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பேப்பரில் சுற்றிய இரண்டு வாழைப்பழத்தை என் மடியில் வைத்தார்.

“துன்னுட்டு ஓட்டு மேன். உன் பொஞ்சாதிகிட்ட நான் பதில் சொல்ல முடியாது” என்றார்.

மூன்று மணிக்குச் சாயங்கால ஷிஃப்ட் டிரைவர் வந்து ஏறினான். கரியும் கோதுமைத் தூசியும் வேர்வையில் அப்பி, ஆள் கலீஜாக இருந்தேன். அப்படியே திருவொற்றியூர் வந்து சேர்ந்தேன். வாசலில் பட்டாசுக் காகிதம் குப்பையாகக் கிடந்தது. கடைசி குடித்தனத்துக்குப் புதிதாக வந்த நவநீதம் என்ற பெண் வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் படியேறியதும் காலை நீட்டி மறித்தாள்.

“யாருய்யா நீ? இன்னா வோணும்?”

“இது என் வூடும்மா.”

“எது? சரோஜாக்கா வூடா? சொம்மா கத வுடாத. அந்த வூட்டுக்காரரு காலைலேர்ந்து உள்ளதான் கீறாரு. இப்பத்தான் துன்னுட்டு புள்ளையத் தூங்க வெச்சிகினு கீறாரு. தீவாளியும் அதுவுமா எந்த ஊர்லேர்ந்து வந்தே?”

 ஒரே வாசலில் ஒரு மாதம் குடியிருக்கிறாள். வெளிச்சத்தில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை. நான்தான் என்பதற்கு நான் என்ன சாட்சி காட்டுவது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே கதவருகே நின்ற சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உடனே வரவில்லை. அந்தக் காட்சியை அவள் கொஞ்ச நேரம் அனுபவிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

“உள்ள வுடு, நவநீதம்” என்றாள் கடைசியில். “இவரும் இந்த வூடுதான்.”

நவநீதம் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்று ராத்திரிக்குள் நாலு குடித்தனமும் சிரித்து முடித்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் படியில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. 

உள்ளே ஏகாம்பரம் எனக்கு எடுத்த கரை வேட்டியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய் மினுமினுத்தது. விடியற்காலை வசந்தாதான் வைத்தாளாம். யார் வைப்பது என்று பெரியவர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “பெரிப்பா, குனி” என்றாளாம். பாபு அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தன் உள்ளங்கையால் குழந்தையின் காதை மூடிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழப் போனார். வேண்டாம், குழந்தை விழித்துக்கொள்ளும் என்று சைகை காட்டிவிட்டு, அழுக்குத் துணியோடு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“எப்படிப்பா இருந்திச்சு தீவாளி?” என்றேன்.

அவர் பாபுவின் முகத்தைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்மேல் பரிதாபப்பட்டார்.

“நான் இது இன்னான்னு தெரியாமலே வுட்டுட்டேன், ரைட்டரே” என்றார். “நீ தெரிஞ்சே வுட்டியே.”